“உங்கள் கூலி எங்கே அக்கா?”

இரவு ஒன்பது மணிக்குப் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுக் கைப்பேசியும் கையுமாக உட்காரும் பெண்களுக்கென்றே இன்று இணையவழித் தொழில் பயிற்சிகள் நிறைய நடக்கின்றன. சேர்பவர்களுக்குக் குறைவில்லை. மூன்றாவது வாரத்தில் புலனக் குழு அமைதியாகிவிடுவதுதான் பிரச்சினை.

பயிற்றுநரின் வேலையே அங்குதான் தொடங்குகிறது. பாடத்தைக் காணொளி நடத்திவிடும். மாணவி அனுப்பும் கணக்கைத் திருத்த ஓர் ஆள் வேண்டுமே!

தீபாவளி முறுக்கு விற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். போத்தல் 15 வெள்ளி. மாவு, எண்ணெய், வெண்ணெய்க்கு 7 வெள்ளி. “எட்டு வெள்ளி லாபம் டீச்சர்” என்று எழுதி அனுப்புகிறார். நல்ல பயிற்றுநர் கைதட்டும் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு நகர மாட்டார். போத்தல், லேபிள், எரிவாயு, வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் பெட்ரோல் எல்லாம் எங்கே என்பார். அதற்கு மூன்றரை வெள்ளி போனால் மிச்சம் நாலரை. அம்மாவும் மகளும் பத்து மணி நேரம் அடுப்படியில் நின்று 20 போத்தல் நிரப்பினால் 90 வெள்ளி. ஆளுக்கு மணிக்கு நாலரை வெள்ளி. 2025இல் நடப்புக்கு வந்த 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தை மணிக்கணக்கில் பிரித்தாலே எட்டு வெள்ளிக்கு மேல் வருகிறது!

சரி, விலையை ஏற்றலாமா? “வாங்குறதே சொந்தக்காரங்கதான் டீச்சர், எப்படிக் கூட்டுறது?” நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் இதை யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். வகுப்பு முடிந்து பத்து நிமிடம் தனியாக அழைத்துப் பேசும் பயிற்றுநரிடம்தான் சொல்வார்கள். விலையைத் தொடாமல் போத்தலைச் சிறிதாக்கலாம், கொண்டுபோய்க் கொடுக்கத் தனிக் கட்டணம் வாங்கலாம் என்ற யோசனைகளும் அந்தப் பேச்சில்தான் பிறக்கும்.

பதிவு விவகாரமும் இப்படித்தான். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம்.மில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60 வெள்ளி. தொகை பெரிதல்ல. மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும் பாரத்தைப் பார்த்துத்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். திரையைப் பகிர்ந்து, கட்டம் கட்டமாகத் தமிழில் சொல்லிக்கொடுத்தால் ஒரே இரவில் முடிகிற வேலை.

ஆகவே, பணம் கட்டிச் சேருமுன் ‘எத்தனை காணொளி, சான்றிதழ் உண்டா’ என்று விசாரிப்பதோடு, “என் கணக்கை யார் பார்த்துத் திருத்துவார்?” என்றும் கேளுங்கள். ஒருவர் பெயரைச் சொன்னால் சேரலாம். “எல்லாம் குழுவில் போடுவோம்” என்றால் இன்னொரு வகுப்பைத் தேடுங்கள்.