வாசலில் பதித்த வீடு

புதுவீட்டில் நிலை வைக்கும் நாள் நெருங்கினால் குடும்பத்துக்குள் ஒரு பேச்சு எழும். வாசலுக்கு என்ன சின்னம் வைப்பது? தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் பல வீட்டு முகப்புகளில் சிலுவை இருக்கும். சுற்றியுள்ள ஊர்களில் கஜலட்சுமி, மயில், தாமரை, பிறை என்று அவரவர் மனத்துக்கு உகந்தது இருக்கும். இவற்றோடு, தமிழ்நாட்டில் பல இடங்களில் தொடரும் இன்னொரு வழக்கமும் உண்டு. வாசற்படியில் ஒரு சங்கைப் பதித்துவிடுவார்கள். பாதி தரைக்குள், பாதி வெளியே. தினமும் அதைத் தாண்டிப் போகிறோம். ஒருநாள் குனிந்து பாருங்கள். அந்தச் சங்கே ஒரு வீடு; ஓர் உயிர் தன் வாழ்நாள் முழுக்கக் கட்டிய வீடு.

கட்டியவரின் சொந்த ஊர் அதிகத் தொலைவில் இல்லை. நாசரேத்திலிருந்து தூத்துக்குடி சுமார் 40 கிலோமீட்டர். அந்தக் கரையை ஒட்டிய மன்னார் வளைகுடாவின் அடித்தரையில் இரண்டு செல்வங்கள் பக்கத்துப் பக்கத்தில் வாழ்கின்றன. முத்துச்சிப்பி பாறைத் தரையில் ஒட்டிக்கொள்ளும்; அதைத்தான் ‘பார்’ என்கிறார்கள். சங்குக்கு வேண்டியது மணல். மணலுக்குள் வாழும் புழுக்கள்தாம் அதன் சாப்பாடு. ஆகவே, முத்துக் குளிக்க ஓர் இடம், சங்கு குளிக்க வேறோர் இடம் என்று பார்த்துக் கடலில் இறங்கினார்கள் இந்தக் கரையின் மூழ்காளிகள்.

அவர்கள் அள்ளி வரும் சங்கை முதன்முறை பார்ப்பவர் ஏமாந்துபோவார். அது வெள்ளையாகவே இருக்காது. பழுப்பு நிறத்தில், தோல் போன்ற ஓர் உறை ஓட்டை முழுக்க மூடியிருக்கும். அறிவியலில் இதைப் ‘புறத்தோல்’ என்று சொல்லலாம். மரத்துக்குப் பூசும் வார்னிஷ் போல, ஓட்டை அரிப்பிலிருந்தும் துளைபோடும் உயிர்களிடமிருந்தும் காப்பது இதன் வேலை. நாம் கொண்டாடும் அந்த வெண்மையைச் சங்கு உயிரோடிருக்கும்வரை மறைத்தே வைத்திருக்கிறது.

அதன் பிறப்பும் ஒரு வீட்டுக்குள்தான். தாய்ச் சங்கு முட்டைகளைக் கடலில் இறைத்துவிடுவதில்லை. ஆட்டுக்கடாவின் முறுக்கிய கொம்பு போல, அறை அறையாக அடுக்கிய ஒரு கூட்டைச் செய்து மணலில் ஊன்றிவைக்கிறது. கடற்கரைக்காரர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ‘சங்குப் பூ’. பல நத்தைகளின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் வாரக்கணக்காக நீரில் மிதந்து அலையும். சங்குக் குஞ்சு அப்படி அலைவதில்லை. பூவிலிருந்து வெளியே வரும்போதே குட்டி ஓட்டோடு, மணலில் ஊர்ந்தபடி வருகிறது. குடிவரும் நாளிலேயே சொந்த வீடு!

அந்தக் குட்டி வீடு எப்படிப் பெரிதாகிறது? நாம் வீட்டை இடிப்போம், தட்டுவோம், மாடி எழுப்புவோம். சங்கு எதையும் இடிப்பதில்லை. ஓட்டின் வாய் விளிம்பில் மட்டும், உடலின் மெல்லிய மடிப்பு ஒன்றால் புதுச் சுண்ணத்தைச் சேர்த்துக்கொண்டே போகிறது. இந்த மடிப்புக்கு ‘மேலங்கி’ என்று பெயர். சேர்க்கும்போது ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றைவிட ஒரே விகிதத்தில் அகலமாகிறது. கணிதத்தில் இதற்கு ‘மடக்கைச் சுருள்’ என்று பெயர். பெரிதானாலும் வடிவம் மாறாத சுருள் அது. சங்கின் ஒரு வயதுப் படத்தையும் பத்து வயதுப் படத்தையும் ஒரே அளவாக்கி வைத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். வரைபடம் மாறாமலே வீடு வளர்கிறது. குழந்தையாக இருந்தபோது குடியிருந்த முதல் அறை, உச்சிமுனையில் அப்படியே இருக்கிறது.

கட்டுமானப் பொருள் எங்கிருந்து வருகிறது? கடல்நீரிலிருந்தும் இரையிலிருந்தும். ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்திருக்கும் கால்சியம் சுமார் 400 மில்லிகிராம்தான், ஒரு சிட்டிகை. ஒரு கிலோ சங்கு ஓட்டில் ஏறத்தாழ 400 கிராம் கால்சியம் இருக்கிறது. மொட்டைமாடியில் நிற்கும் ஆயிரம் லிட்டர் தண்ணீர்த் தொட்டியைக் கடல்நீரால் நிரப்பி, அதிலுள்ள கால்சியத்தைக் கடைசித் துளிவரை பிரித்தெடுத்தால்தான் இந்த அளவு கிடைக்கும். ஆலையும் உலையும் இல்லாமல், குளிர்ந்த நீருக்குள் சத்தமின்றி நடக்கிறது இந்த வேலை.

பொருள் எளியது: கால்சியம் கார்பனேட், அதாவது மண்ணில் வெட்டியெடுக்கும் சீமைச்சுண்ணாம்பின் இனம். சீமைச்சுண்ணாம்பு கைதவறி விழுந்தால் உடையும். சங்கு விழுந்தால் எளிதில் உடையாது. ரகசியம் அடுக்கும் விதத்தில் இருக்கிறது. ஓட்டுக்குள் மெல்லிய சுண்ணத் தகடுகள், ஒரு வரிசை இப்படியும் அடுத்த வரிசை அதற்குக் குறுக்காகவும் படிந்திருக்கின்றன. பிளைவுட் பலகையில் மரத்தாள்களை மாற்றி மாற்றி ஒட்டுவது போல. ‘குறுக்கடுக்கு அமைப்பு’ என்று இதைச் சொல்லலாம். ஒரு விரிசல் உள்ளே நுழைந்தால் நேராக ஓட வழியில்லை. திரும்பித் திரும்பி, கிளை பிரிந்து, களைத்து நின்றுவிடும். இதே அமைப்புள்ள கரீபியக் கடலின் ராணிச் சங்கை 2000இல் ஆராய்ந்தார்கள். அதில் 99 சதவீதம் வெறும் கனிமம். ஆனாலும் அதை உடைக்க, அந்தக் கனிமத்தைத் தனியாக உடைப்பதைவிட ஆயிரம் மடங்கு அளவில் ஆற்றல் தேவைப்பட்டது.

இனி, எல்லோரும் கேட்கும் வலம்புரிக்கு வருவோம். நம் வழக்கப்படி சங்கின் நீண்ட மூக்கு மேலேயும், சுருள் முனை கீழேயும், வாய் நம்மைப் பார்த்தும் இருக்கட்டும். வாய் இடப்பக்கம் திறந்தால் இடம்புரி. வலப்பக்கம் திறந்தால் வலம்புரி. உலக விஞ்ஞானிகளோ சுருள் முனையை மேலே வைத்துப் பார்க்கிறார்கள். அதனால் நம் வலம்புரி அவர்களுக்கு ‘இடச்சுருள்’. பெயர்தான் மாறுகிறது, முறுக்கு மாறுவதில்லை. ஒரு திருகாணியைத் தலைகீழாகத் திருப்பினாலும் அதன் மரை மாறாதல்லவா? சாதாரணச் சங்கு சாதாரணத் திருகாணியின் மரை. வலம்புரியோ சைக்கிளின் இடது பெடல் மரை: எதிர்த்திசை. லட்சக்கணக்கான சங்குகளில் ஒன்று இப்படி அமையும்.

வாங்குவோர் ஒன்றைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. அமெரிக்கக் கடலோரத்தில் வாழும் வேறொரு நத்தைக்கு இயல்பாகவே இந்த எதிர்முறுக்குத்தான். அதன் ஓடும் வலம்புரி என்ற பெயரில் விலைபோகிறது. வாய்க்குள் நடுத்தண்டைப் பாருங்கள். நம் கடற்சங்கில் அங்கே மூன்று நான்கு வரப்புகள் தெளிவாக ஓடும். அந்த நத்தையில் அந்த வரப்புகள் இருக்காது.

முறுக்கின் திசையை யார் தீர்மானிக்கிறார்கள்? குளத்து நத்தைகளை வளர்த்துப் பார்த்த ஆர்தர் பாய்காட் முதலியோர் 1923இல் ஒரு புதிரை வெளியிட்டார்கள். பிள்ளைகளின் முறுக்கு அவற்றின் சொந்த மரபணுவோடு பொருந்தவில்லை. அதே ஆண்டில் ஆல்ஃபிரட் ஸ்டர்டிவன்ட் விடை சொன்னார்: தாயின் மரபணுதான் பிள்ளையின் முறுக்கைத் தீர்மானிக்கிறது. தாய் முட்டைக்குள் வைத்து அனுப்பும் ஒரு புரதம், நான்கு செல்கள் எட்டாகும் நேரத்தில் மேல் வரிசைச் செல்களை ஒரு பக்கமாகச் சற்றுத் திருப்பிவிடுகிறது. அந்தச் சிறு திருப்பம்தான் பின்னால் ஓடாக, சுருளாக, வாயாக நிற்கிறது. 2019இல் ஜப்பானைச் சேர்ந்த மசனோரி அபேயும் ரெய்கோ குரோடாவும் குளத்து நத்தையில் ஒரே ஒரு மரபணுவை முடக்கினார்கள். வலச்சுருள் பரம்பரையில் இடச்சுருள் பிள்ளைகள் பிறந்தன. வீட்டின் வாசல் எந்தப் பக்கம் என்பதை அம்மா முன்கூட்டியே எழுதி அனுப்பிவிடுகிறார்!

குடியிருந்தவர் போன பிறகு அந்த வீட்டுக்குக் குரலும் வருகிறது. உச்சிமுனையை வெட்டி ஊதினால், உதட்டின் அதிர்வு உள்ளே சுருண்டு விரியும் காற்றுத் தூணைப் பாடவைக்கிறது. அந்தத் தூண் அரை மீட்டர் நீளம் என்று வைத்துக்கொண்டால், வினாடிக்குச் சுமார் 340 முறை அதிரும். ஒரு நீண்ட எக்காளம் உள்ளங்கைக்குள் மடங்கியிருக்கிறது. பிரான்சின் மார்சுலாஸ் குகையில் கிடைத்த ஊதுசங்குக்கு வயது சுமார் 18,000. 2021இல் அதை மறுபடி ஊதிக் காட்டினார்கள்.

நம் பக்கத்திலும் இந்த உறவு பழையது. பாண்டியர் துறைமுகமான கொற்கை இன்று கடலைவிட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அங்கே சங்கு அறுத்த துண்டுகள் மண்ணிலிருந்து கிடைத்தன. சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியாவின் புனிதச் சங்கைப் பற்றி 1914இல் தனி நூலே எழுதினார். தூத்துக்குடிச் சங்கு வங்காளத்துக்குப் போய், மணமான பெண்களின் வளையலானது. திருவிதாங்கூர் அரசு சங்கையே தன் சின்னமாக்கிக்கொண்டது. நம் வீடுகளில் கைக்குழந்தைக்குப் பால் புகட்டும் பாத்திரத்தின் பெயரும் சங்கு. கடைசிப் பயணத்தில் முழங்குவதும் சங்கு.

இன்னும் ஒரு வியப்பு மீதம் இருக்கிறது. சுட்டாலும் சங்கு வெண்மை மாறாது என்பதை ஔவையாரின் மூதுரை மேன்மக்களுக்கு உவமையாக்கியது. வேதியியல் அதற்கு மேலும் ஒரு படி போகிறது. 800 டிகிரி செல்சியசுக்கு மேல் சுட்டால் ஒரு கிலோ சங்கு ஓடு 440 கிராம் கரியமில வாயுவை விட்டுவிட்டு, 560 கிராம் சுட்ட சுண்ணாம்பாகிறது. நிறம் வெள்ளையேதான். நீர் ஊற்றிக் குழைத்துச் சுவரில் பூசினால், அது காற்றிலிருந்து மெல்ல மெல்லக் கரியமில வாயுவைத் திரும்ப வாங்கிக்கொள்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அது மறுபடி கால்சியம் கார்பனேட் ஆகிறது. ஓடு எதுவோ அதுவாகவே சுவர் ஆகிவிடுகிறது.

தமிழகக் கடலோரப் பழைய வீடுகளைப் பூசியது கிளிஞ்சல் சுண்ணாம்புதான். சாந்து இறுகக் கடுக்காய்த் தண்ணீரும் பனங்கருப்பட்டியும் சேர்த்தார்கள். கருப்பட்டிக்குச் செம்மண் தேரியும் பனையும் சூழ்ந்த நாசரேத்தில் என்ன குறை? அப்படி ஒரு பழைய சுவர் உங்கள் தெருவில் இன்னும் நிற்குமானால், அதன் மேல் கையை வைத்துப் பாருங்கள். குளிர்ச்சியாக, வழவழப்பாக இருக்கும். படியில் பதித்த சங்கையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே பொருள். வாசலுக்குச் சின்னம் தேடிய அந்தக் குடும்பம், சின்னத்துக்குள்ளேதான் குடியிருந்தது.