சுழி என்றால் ஒன்றுமில்லையா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



"புரோட்டானுக்கு மின்னூட்டம் ஒன்று, நியூட்ரானுக்குச் சுழி." நான்காம் படிவப் பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள். ஏன் என்று கேட்டால்தான் தயங்குவார்கள்.

ஒருவர் கையில் ஒன்றுமே இல்லை. இன்னொருவர் கையில் 50 வெள்ளி. கடனும் 50 வெள்ளி. கணக்கில் இருவருக்கும் சுழிதான். ஆனால் இருவரும் ஒன்றா? நியூட்ரான் இரண்டாமவரைப் போன்றது.

1932-இல் சாட்விக் நியூட்ரானைக் கண்டுபிடித்தார். அதே ஆண்டில் ஹைசன்பர்க், புரோட்டானையும் நியூட்ரானையும் ஒரே துகளின் இரு நிலைகளாகக் கொள்ளலாம் என்றார். எடையில் இரண்டுக்கும் வித்தியாசம் ஆயிரத்தில் ஒன்றரைப் பங்குக்கும் குறைவு. அணுக்கருவைக் கட்டிவைக்கும் வலுவிசையும் இவற்றை ஏறக்குறைய ஒன்றாகவே நடத்துகிறது. இந்த இரட்டைப் பண்புக்குத்தான் ஐசோஸ்பின் என்று பெயர்.

மின்காந்த விசையோ பாரபட்சம் காட்டுகிறது. அதற்கு இரண்டு பாகங்கள். ஒரு பாகம் இரண்டு துகளுக்கும் பொது. மற்றது புரோட்டானில் கூடும், நியூட்ரானில் கழியும். பொதுப் பாகம் அரை, வேறுபடும் பாகம் அரை. கூட்டினால் ஒன்று, அது புரோட்டான். கழித்தால் சுழி, அது நியூட்ரான்.

இதற்குச் சான்று உண்டா? உண்டு, காந்தம். மின்சாரமே சம்பந்தப்படாத துகளாக இருந்தால் நியூட்ரானுக்குக் காந்தத்தன்மை இருக்கக்கூடாது. 1940-இல் ஆல்வரெசும் பிளாக்கும் அதை நேரடியாக அளந்தார்கள். புரோட்டானுக்கு 2.79, நியூட்ரானுக்கு, எதிர்த்திசையில், 1.91. இங்கும் அதே கணக்குதான்: பொதுப் பாகம் 0.44, வேறுபடும் பாகம் 2.35. கூட்டியும் கழித்தும் பாருங்கள், சரியாக வரும்.

இதனால் என்ன பயன் என்பீர்கள். நியூட்ரானைப் புரோட்டானாக மாற்றும் மென்விசை ஒன்று உண்டு. அதன் வடிவத்தை 1957-இல் வகுத்தவர்கள் சுதர்சனும் மார்ஷக்கும். சுதர்சன் கேரளத்தில் பிறந்து, சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் படித்தவர். அவ்விசையின் ஒரு கூறும் மின்காந்தத்தின் வேறுபடும் பாகமும் உடன்பிறப்புகள் என்று 1958-இல் பெயின்மனும் கெல்மானும் விளக்கினார்கள். ஒன்றை அளந்தால் மற்றதைக் கணிக்கலாம். சோதனைகளும் அதை உறுதிசெய்தன.

சூரியனுக்குள் புரோட்டான் நியூட்ரானாக மாறுவதும் இதே மென்விசையால்தான். அது மெதுவாக நடப்பதால்தான் சூரியன் கோடிக்கணக்கான ஆண்டுகளாக எரிகிறது, நம் கிரியான் வயல்களில் நெல்லும் விளைகிறது.

ஆகவே பெற்றோர்களே, பிள்ளை "ஏன் சுழி?" என்று கேட்டால், "பாடத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்று வாயை அடைக்காதீர்கள். அந்த ஒரு கேள்விக்குள் இவ்வளவும் இருக்கிறது.