பழைய நிரலும் புதிய பொறியும்

ஓர் ஆலையின் உள்ளே நுழைபவர் கண்ணுக்கு முதலில் தோன்றுவன இரும்பும் எஃகுமே ஆகும். சுழலும் உருளைகளும், ஏறி இறங்கும் அழுத்தப் பொறிகளும், ஓயாது ஓடும் பட்டைகளும் அங்கே காட்சி தரும். இன்ன நேரத்தில் இயங்குக, இன்ன நேரத்தில் நிற்க என அவற்றை ஏவுவது, சுவரோரத்துப் பெட்டி ஒன்றினுள் ஒடுங்கியிருக்கும். அதனை நிரல் என்பர். கணிப்பொறிக்கு இடப்படும் கட்டளைகளின் கோவையே நிரல். பொறிகளை உடல் எனக் கொண்டால், நிரலை அவ்வுடலின் அறிவு எனக் கூறலாம்.

உடலும் அறிவும் இங்கே ஒருங்கே மூப்படைவதில்லை. நன்கு பேணப்பட்ட அழுத்தப் பொறி 30, 40 ஆண்டுகள் உழைக்கும். அதனை ஆளும் மின்கருவிக்கோ அத்துணை வாழ்நாள் இல்லை. தானே கெடாவிடினும், அதனைச் செய்த நிறுவனம் உதிரி உறுப்புகள் செய்வதை நிறுத்திவிடும். அதனைப் பழுதுபார்க்கக் கற்றவர்களும் ஓய்வு பெற்றுச் சென்றுவிடுவர். அந்நிலையில், பழைய நிரலைப் புதிய கருவிக்குக் கொண்டுசெல்லும் கடமை ஆலையினரை வந்தடைகிறது.

நிரல் தோன்றுவதற்கு முன்பு ஆலைகளை ஆண்டவை ரிலேக்கள். ரிலே என்பது மின்காந்தத்தால் இயங்கும் ஒரு சிறு சுவிட்சு. கம்பிச்சுருளில் மின்சாரம் பாய்ந்தால் அஃது ஓர் இரும்புத் தகட்டை இழுக்கும். தகடு நகர்ந்து வேறொரு மின்சுற்றை மூடும் அல்லது திறக்கும். ‘கதவு மூடியிருந்து, எண்ணெய் அழுத்தமும் போதிய அளவு இருந்தால் மட்டுமே மோட்டார் சுழல்க’ என்னும் கட்டளையைச் சில ரிலேக்களைக் கம்பியால் பிணைத்தே உணர்த்திவிடலாம். பெரிய ஆலைகளில் இத்தகைய ரிலேக்கள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் பலகைகளில் அணிவகுத்து நின்றன. கட்டளையை மாற்ற வேண்டின், கம்பிகளை அவிழ்த்து மீண்டும் பிணைத்தல் வேண்டும்.

அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தில், கார்களுக்குத் தானியங்கிக் கியர்ப்பெட்டிகளைச் செய்துவந்த ஹைட்ராமாட்டிக் பிரிவு இத்தொல்லையை மிகுதியும் உணர்ந்தது. கார்களின் வகை மாறுந்தோறும் ரிலேப் பலகைகளையும் மாற்ற நேர்ந்தது. ஆதலின், கம்பிகளை அவிழ்க்காமலே கட்டளையை மாற்றத்தக்க கருவி ஒன்று வேண்டும் என 1968-இல் அப்பிரிவு அறிவித்தது. மசாசூசெட்ஸ் மாநிலத்துப் பெட்ஃபோர்டு ஊரில் டிக் மோர்லி என்னும் பொறியாளரும் அவருடைய தோழர்களும் அத்தகைய கருவியை உருவாக்கினர். அஃது அவர்களுடைய 84-ஆம் பணி ஆதலின் ‘மோடிகான் 084’ எனப் பெயர் பெற்றது.

அக்கருவியின் அமைப்பில் போற்றத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஆலைகளின் மின்பணியாளர்கள் ரிலே இணைப்புகளை ஏணி போன்ற படமாக வரைந்து பழகியிருந்தனர். இருபுறமும் நிமிர்ந்த இரண்டு கோடுகள். அவற்றிற்கு இடையே படிகள். ஒவ்வொரு படியிலும் இடப்பக்கம் நிபந்தனை, வலப்பக்கம் செயல். புதிய கருவி அந்த ஏணிப்படத்தையே தன் மொழியாக ஏற்றுக்கொண்டது. கணிப்பொறிக் கல்வி பெறாத பணியாளரும் அதனைப் பார்த்த அளவில் படித்தறிந்தார். புதியது பழையதன் மொழியைப் பேசியமையால், பணியாளர் பல்லாண்டுகளாக ஈட்டிய அறிவு இடையறாமல் கைமாறிற்று. முதன்முதல் செய்யப்பட்ட 084 கருவிகளுள் ஒன்று ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இடைவிடாது உழைத்தது. பின்பு காட்சிப்பொருளாக வைக்கப்பெற்றது.

புதியது என்னும் பெயர் எதற்கும் நெடுநாள் நிலைப்பதில்லை. ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் 1979-இல் ‘சிமாட்டிக் எஸ்5’ என்னும் கட்டுப்பாட்டுக் கருவிகளை வெளியிட்டது. 1990-களின் நடுவில் அந்நிறுவனமே ‘எஸ்7’ என்னும் புதிய வரிசையைக் கொணர்ந்தது. எஸ்5 நிரலை எஸ்7 நிரலாகப் பெயர்த்துத் தரும் மென்பொருளும் உண்டாயிற்று. ஆயினும் அஃது அனைத்தையும் பெயர்த்துவிடவில்லை; எஞ்சியதை மனிதரே பார்த்துத் திருத்த வேண்டியிருந்தது. ஒரு சிறு வேறுபாட்டைக் காண்க. தரவுகளைச் சேர்த்துவைக்கும் இடங்களை எஸ்5 ‘சொல்’ என்னும் அளவால் எண்ணியது. எஸ்7 ‘பைட்டு’ என்னும் அளவால் எண்ணியது. ஒரு சொல்லுக்கு இரண்டு பைட்டு. ஆகவே பழைய கருவியில் 10 என எண்ணிடப்பட்ட சொல், புதிய கருவியில் 20 என்னும் பைட்டில் தொடங்கும். இதனை மறந்து 10 என்றே எழுதியவர் வேறோர் அறையின் கதவைத் திறந்தவர் ஆவார். உலையின் வெப்பத்தை நாடிய இடத்தில் உருளையின் வேகம் அவருக்குக் கிடைக்கும்.

இத்தகைய பிழைகளேனும் தேடினால் அகப்படும். அகப்படாதது, நிரலை எழுதியவரின் கருத்து. ‘காற்றூதி சுழலத் தொடங்கிய பின் முப்பது நொடி காத்திருந்து, அதன்பின் உலையைப் பற்றவைக்க’ என ஒரு படி இருப்பதாகக் கொள்வோம். ஏன் முப்பது நொடி? பழைய காற்றூதி மெல்ல விரைவடைந்த காலத்தில், எவரோ ஒருவர் நள்ளிரவில் சேர்த்த படியாக அஃது இருக்கலாம். உலையினுள் தங்கிய எரிவாயுவை வெளியேற்றுதற்கு வேண்டிய இடைவெளியாகவும் இருக்கலாம். முன்னதாயின், புதிய காற்றூதிக்கு அது வேண்டுவதில்லை. பின்னதாயின், அதனை நீக்கிய அன்று உலை வெடிக்கும்; அருகில் நிற்பவர் உயிர் போகும். நிரலிலோ இரண்டும் ஒரே உருவில் நிற்கும். பழைய கருவிகள் பலவற்றில் கட்டளை மட்டுமே பதிந்திருந்தது. விளக்கக்குறிப்பு, எழுதியவரின் தனித் தட்டிலோ தாளிலோ இருந்து அவரோடு மறைந்தது.

ஏட்டுச்சுவடி பயின்றோர் இவ்விடரை நன்கு அறிவர். பழைய ஓலைகளில் மெய்யெழுத்திற்குப் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. இட்டால் ஓலை துளைபடும். அவற்றை அச்சிற்குக் கொணர்ந்த சான்றோர் பல ஏடுகளை ஒப்புநோக்கி, பொருளை உணர்ந்த பின்னரே புள்ளியிட்டனர். பொருள் உணராது படியெடுத்தவர் கையில் நூல் சிதைந்தது.

நிரலை இவ்வாறு பொருள் உணராது பெயர்த்ததனால் நேர்ந்த பேரிழப்பு ஒன்று 1996 ஜூன் 4 அன்று நிகழ்ந்தது. அஃது ஆலையில் அன்று, விண்ணில் நிகழ்ந்தது. பிரெஞ்சு கயானாவின் கூரூ ஏவுதளத்திலிருந்து ஏரியன் 5 என்னும் ஐரோப்பிய ராக்கெட்டு முதன்முறையாகப் புறப்பட்டது. அதன் நிலையையும் அசைவையும் கணிக்கும் கருவியின் நிரல், முன்பு நன்கு பணிபுரிந்த ஏரியன் 4 ராக்கெட்டிலிருந்து எடுக்கப்பட்டது. கருவியைப் புறப்படுமுன் சீர்செய்தற்குரிய ஒரு பகுதி, புறப்பட்ட பின்னும் சுமார் 40 நொடி ஓடுமாறு அந்நிரலில் அமைந்திருந்தது. ஏரியன் 4-இல் அதற்கு ஒரு காரணம் இருந்தது. ஏரியன் 5-க்கு அது வேண்டுவதே இல்லை. செவ்வனே ஓடிய நிரலில் கைவைத்தல் தகாது எனக் கருதி அதனை விட்டுவைத்தனர். புதிய ராக்கெட்டு பழையதினும் மிகுந்த கிடைவேகத்தோடு சென்றது. அவ்வேகத்தைச் சார்ந்த எண்ணை, 32,767 வரையே கொள்ளும் சிறிய இடமொன்றில் அடைக்க நிரல் முயன்றது, எண் அவ்வெல்லையைக் கடந்தது, கருவி செயலற்றது. துணைக்கு வைத்திருந்த இரண்டாம் கருவியிலும் அதே நிரல் இருந்தமையின், அது காப்பாற்றவில்லை. புறப்பட்டு 40 நொடி நிறைவதற்குள் ராக்கெட்டும் அது சுமந்த நான்கு செயற்கைக்கோள்களும் அழிந்தன. நிரலின் ஓர் எழுத்தும் புதிதாகக் கெட்டுவிடவில்லை. அது நின்ற இடமே மாறியிருந்தது.

அங்ஙனமாயின் பழையதைத் தொடாமலே விட்டுவிடலாகாதோ எனச் சிலர் வினவுவர். அதுவும் தீங்கற்ற வழி அன்று. ஆலைகளில் காட்சித்திரைகளை இயக்கிய கணிப்பொறிகள் பலவற்றில் விண்டோஸ் எக்ஸ்பி என்னும் இயங்குதளம் இருந்தது. 2014 ஏப்ரல் 8-உடன் அதற்குரிய வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. 2017 மே மாதத்தில் வான்னாகிரை என்னும் கேட்டு நிரல் உலகெங்கும் பரவி, திருத்தம் இடப்படாத கணிப்பொறிகளைப் பூட்டிற்று. பிரான்சின் ரெனோ நிறுவனம் அப்பொழுது தன் கார் ஆலைகள் சிலவற்றை நிறுத்திவைக்க நேர்ந்தது.

ஆகவே அறிந்தோர் மாற்றத்தை ஒத்திவைப்பதும் இல்லை. ஒரே நாளில் அனைத்தையும் மாற்றுவதும் இல்லை. முதலில் பழைய பணியாளரிடம் சென்று, ஒவ்வொரு படிக்கும் காரணம் கேட்டு எழுதிக்கொள்வர். இப்பணி சலிப்பூட்டுவது, ஆனால் இதனைச் சுருக்கியவர் பின்னர் வருந்துவர். இருவேறு காலத்துக் கருவிகள் தம்முள் உரையாடப் பொதுமொழிகளும் உண்டு. மோடிகான் நிறுவனம் 1979-இல் வெளியிட்ட மோட்பஸ் இன்றும் வழக்கில் உள்ளது. 1996-இல் தோன்றிய ஓபிசி மற்றொன்று. இவற்றின் துணையால் புதிய கருவியைப் பழையதன் அருகே அமர்த்தி, முதலில் கேட்கும் செவி மட்டும் தருவர். ஏவும் கை தாரார். பழையது இட்ட கட்டளையும் புதியது இட எண்ணிய கட்டளையும் பல நாள் ஒப்பிடப்படும். இரண்டும் வேறுபடும் இடந்தோறும், எழுதப்படாத காரணம் ஒன்று வெளிப்படும். பின்னர், ஆலை ஓய்ந்திருக்கும் ஒரு நாளில், புதியதன் கையில் பொறிகளை ஒப்படைப்பர். அன்றும் பழைய பெட்டியை அகற்றிவிடார். வேண்டின் மீண்டும் அதற்கே திரும்புமாறு சிறிது காலம் இணைப்பைக் காத்துவைப்பர்.

இத்துணை மாற்றங்களுக்கும் இடையே மாறாத உறுப்பு ஒன்றைப் பல ஆலைகளில் இன்றும் காணலாம். பொறியின் அருகே, கைக்கு எட்டும் உயரத்தில், நெருக்கடியில் அழுத்துதற்குரிய சிவப்புக் குமிழ் இருக்கும். அதிலிருந்து செல்லும் கம்பி பெரும்பாலும் நிரலை நாடிச் செல்வதில்லை. ஒரு ரிலேயை அடைந்து, மின்சாரத்தை நேரே துண்டிக்கிறது.