ரிட்டையர் ஆன அப்பாவின் 'ஹெவி' லைசென்ஸ்: புதுப்பிக்கணுமா, விட்டுடலாமா?

காவாந்தண்டலம் மாதிரியான உத்திரமேரூர் வட்டார ஊர்களில் 'ஹெவி' என்றால் என்னவென்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் கல்குவாரி டிப்பர்கள், இன்னொரு பக்கம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூருக்கு ஆள் ஏற்றிப் போகும் கம்பெனி பஸ்கள். அரசு பஸ்ஸை 60 வயது வரை ஓட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவரைக்கூட, "அண்ணே, ரெண்டு நாள் ஆக்டிங் வர்றீங்களா?" என்று கேட்க ஆள் இருக்கும். வீட்டிலோ நேர் எதிர்க் குரல்: "போதும்பா, இன்னும் எதுக்கு அந்த லைசென்ஸ்?"

சாரதி தளத்தில் விண்ணப்பம் போட்டு, அப்பா போனுக்கு வரும் ஓடிபியைக் கேட்டு வாங்கப்போவது பெரும்பாலும் நீங்கள்தான். அதனால் இந்தக் கேள்வி உங்களுக்கும் வரும்.

முதலில் கார்டை எடுத்துப் பாருங்கள். அதில் இரண்டு கடைசித் தேதிகள் இருக்கும். ஒன்று நான்-டிரான்ஸ்போர்ட், அதாவது சொந்த பைக், காருக்கானது. இன்னொன்று டிரான்ஸ்போர்ட். இரண்டாவது தேதி முடிந்தாலும் முதல் தேதி வரை பைக், கார் ஓட்டலாம். 'ஹெவி போச்சுன்னா எல்லாமே போச்சு' என்று பலர் பயப்படுவது தேவையில்லாதது.

புதுப்பிக்க எவ்வளவு சிரமம்?

நினைப்பதைவிடக் குறைவு. முன்பெல்லாம் டிரான்ஸ்போர்ட் லைசென்ஸை 3 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது அது 5 வருடமானது. (பெட்ரோல், கேஸ் போன்ற ஆபத்தான சரக்கு ஏற்றும் டேங்கர் என்றால் 3 வருடம்தான், கூடவே பயிற்சி வகுப்பும் உண்டு.) 55 வயது தாண்டியவருக்கு சாதாரண கார் லைசென்ஸும் 5 வருடம்தான். இரண்டுக்குமே டாக்டர் கையெழுத்திடும் படிவம் 1ஏ தேவை. ஆக, 60 வயதில் கார் லைசென்ஸை வைத்திருக்க ஆகும் அதே அலைச்சல்தான் ஹெவிக்கும். 'அலைய முடியல' என்பதற்காக மட்டும் அதை விடுவதில் அர்த்தமில்லை.

விட்டால் திரும்ப வாங்குவதுதான் கஷ்டம். தேதி முடிவதற்கு ஒரு வருடம் முன்பிலிருந்து, முடிந்து ஒரு வருடம் வரை விண்ணப்பிக்கலாம். அந்த ஒரு வருடமும் தாண்டிவிட்டால் மறுபடி டெஸ்ட். முப்பது வருடம் பஸ் ஓட்டியவராக இருந்தாலும் கனரக வண்டியோடு மைதானத்தில் போய் நின்று ஓட்டிக் காட்ட வேண்டும். இன்னொன்று, தேதி முடிந்த பிறகு புதுப்பித்தால் புதுப்பித்த நாளிலிருந்துதான் அது செல்லும். இடைப்பட்ட நாட்களில் டிப்பரைத் தொட்டால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகவே கணக்கு. அபராதம் 5,000 ரூபாய், வண்டியைக் கொடுத்த ஓனர் மீதும் தனியாக வழக்கு வரும். விபத்து நடந்துவிட்டால் இன்னும் சிக்கல். பாதிக்கப்பட்டவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்தாலும், அதை ஓனரிடமிருந்து திரும்ப வசூலிக்கும்படி கோர்ட் சொல்லலாம்.

எல்லா வேலைக்கும் ஹெவி வேணுமா?

இங்கேதான் பலருக்கும் தெரியாத விஷயம் இருக்கிறது. 2024 நவம்பர் 6-ம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஒரு தீர்ப்பு சொன்னது. எல்எம்வி லைசென்ஸ் இருந்தாலே, மொத்த எடை 7,500 கிலோவுக்கு மேல் போகாத வாடகை வண்டிகளையும் ஓட்டலாம், தனியாக டிரான்ஸ்போர்ட் அனுமதி தேவையில்லை என்றது. 2017-லேயே முகுந்த் தேவாங்கன் வழக்கில் சொன்னதைத்தான் இது உறுதி செய்தது. கால் டாக்ஸி, காய்கறி ஏற்றும் குட்டி யானை எல்லாம் இதில் அடங்கும். ஆபத்தான சரக்கு வண்டிகளும் இ-ரிக்‌ஷாவும் இதில் சேராது.

அதனால் அப்பாவிடம் கேட்க வேண்டிய கேள்வி, "என்ன வண்டி ஓட்டப் போறீங்க?" என்பதுதான். வேன், மினி பஸ் என்றால் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆர்சியில் மொத்த எடை போட்டிருக்கும், அதைப் பாருங்கள். டிப்பர், பெரிய பஸ் என்றால் மட்டும்தான் ஹெவி பற்றிய பேச்சே.

உடம்பு என்ன சொல்கிறது?

நம் சட்டத்தில் ஹெவிக்கு மேல்வயது வரம்பு இல்லை. 60 வயதுக்காரருக்கும் 72 வயதுக்காரருக்கும் அதே 5 வருடம்தான். பிரிட்டனில் லாரி, பஸ் ஓட்டுபவர்கள் 45 வயதிலிருந்து 5 வருடத்துக்கு ஒருமுறையும், 65-க்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். எனக்கு அதுதான் சரியாகப் படுகிறது. சுகர் இருக்கும் ஒருவரின் கண்ணில் ஐந்து வருடத்தில் என்னென்னவோ மாறிவிடும். கார்டில் தேதி மட்டும் அப்படியே நிற்கும்.

படிவம் 1ஏ கேட்பவை எளிமையானவை. நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்து நம்பர் பிளேட் தெரிகிறதா? சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா? காது கேட்கிறதா? மாலைக்கண் உண்டா? ஐந்து நிமிடத்தில் கையெழுத்து வாங்கிவிடலாம்தான். ஆனால் விடியற்காலை ஷிஃப்டுக்கு நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு, எதிரே ஹை பீம் போட்டு வரும் டிப்பரைப் பார்த்தபடி ஓட்டப்போகிறவருக்கு அந்த ஐந்து நிமிடம் போதாது. கண் மருத்துவரிடம் தனியாக ஒருமுறை காட்டி, சர்க்கரை, பிரஷர் மருந்துகளையும் சொல்லிக் கேட்டுவிடுங்கள். எல்லாம் சரியென்றால் புதுப்பித்து வைப்பதில் நஷ்டமில்லை. ஆனால் கண் பரிசோதனையை வருடா வருடம் நீங்களாகவே செய்துகொள்ளுங்கள், சட்டம் கேட்காது.

கண் சரியில்லை, திடீரென்று சுகர் இறங்குகிறது என்றால் தேதி முடியும்வரை காத்திருக்க வேண்டாம். மொத்த லைசென்ஸையும் விட வேண்டியதில்லை. குறிப்பிட்ட வாகன வகையை மட்டும் ஒப்படைக்கும் வசதி சாரதி தளத்திலேயே இருக்கிறது. ஆனால் 25 மீட்டரில் நம்பர் பிளேட் தெரியாத கண்ணோடு டிவிஎஸ் எக்ஸ்எல்லையும் ஓட்டக் கூடாது. படிவம் 1ஏ அதற்கும் அதேதான்.