பூச்சிக்குத் தெரிந்த வேறுபாடு

சப்பாத்திக்கள்ளி என்று நாம் கைகாட்டும் செடி ஒன்றல்ல. சாமளாபுரத்திலிருந்து மங்கலம் போகிற வழியில் வேலியோரம் புதராகக் கிடப்பது ஒரு வகை. பழைய தோட்டத்துக் கிணற்று மேட்டில் அடிமரம் பருத்து ஓங்கி நிற்பது இன்னொரு வகை. நர்சரியில் சின்னத் தொட்டியில் வைத்து விற்பது வேறு. எல்லாமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து கடல் கடந்து வந்தவை. நான் இவற்றை எங்கள் வீட்டு மொட்டைமாடியில் தனித்தனியாக வளர்க்கிறேன். விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்த நாளில் பிடித்த பழக்கம் இது. தறிகளை மகன் கையில் கொடுத்த பிறகு அன்றாட வேலையாகவே ஆகிவிட்டது.

வளர்ப்பது சுலபம். எது என்ன வகை என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. இந்தச் செடியின் இருநூறு ஆண்டுக் கதை முழுவதும் அந்த வேலையைச் சரியாகச் செய்ததாலும் செய்யாததாலும் நடந்த கதைதான்.

முதலில் நம் ஊர்க் கள்ளிகளை ஒதுக்கிவிட வேண்டும். சதுரக்கள்ளி, இலைக்கள்ளி, திருகுகள்ளி ஆகியவை வேறு குடும்பம், ஆமணக்குக்கு உறவு. கீறினால் வெள்ளைப் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. சப்பாத்திக்கள்ளியைக் கீறினால் பால் வராது, கொழகொழவென்று நீர்தான் வரும். சந்தேகம் வந்தால் முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு கத்தி முனையால் லேசாகக் கீறிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

அடுத்தது மட்டை. தட்டையாக, பச்சையாக இருப்பதால் பலரும் அதை இலை என்று நினைக்கிறார்கள். அது தண்டு. இலையும் உண்டு, புதிதாக விடும் இளம் மட்டையில் குட்டிக் கூம்புகளாக ஒட்டிக்கொண்டிருக்கும், கொஞ்ச நாளில் உதிர்ந்துவிடும். மட்டை முழுக்கப் புள்ளி புள்ளியாக இருப்பவை கண்கள். முள், பூ, புது மட்டை எல்லாம் அந்தக் கண்ணிலிருந்துதான் புறப்படும். பெரிய முள்ளுக்கு அடியில் பஞ்சுத் துகள்போல் குவிந்திருப்பது சுணை. பெரிய முள் குத்தினால் பிடுங்கிப் போட்டுவிடலாம். சுணை அப்படியல்ல, ஒவ்வொன்றிலும் பின்னோக்கிய செதில்கள் இருப்பதால் தோலுக்குள் போனால் பிடித்துக்கொள்ளும்.

இனி வகை பார்ப்போம். பாவில் ஒரு இழை மாறினாலும் தறிக்காரன் கண்ணுக்குத் தப்பாது. இதற்கும் அதே பார்வைதான் வேண்டும். எங்கள் பக்கம் அதிகம் தென்படுவது நாகதாளி. தாவரவியலில் ஒபன்ஷியா ஸ்ட்ரிக்டா, அதில் டில்லெனி என்ற பிரிவு. மட்டையில் நீலம் கலந்த பச்சை இருக்கும். முள் மஞ்சள் நிறம், தட்டை, பெரும்பாலும் சற்றே வளைந்திருக்கும். பூ எலுமிச்சை மஞ்சளாக விரிந்து, வாடும்போது ஆரஞ்சுக்கு மாறும். பழம் கருஞ்சிவப்பு.

கிணற்று மேட்டில் நிற்பது மோனகாந்தா. மட்டை மெல்லியது, பளபளக்கும் பச்சை. மேல் மட்டைகளில் கண்ணுக்கு ஒன்றோ இரண்டோ நேரான முள்தான் இருக்கும். அடிமரத்தில் மட்டும் கொத்தாக முளைக்கும். இந்த வகையில் ஒரு விசித்திரம்: பழத்தின் மேலேயே புதுப் பூ பூக்கும், அதுவும் பழமாகி, சங்கிலியாகத் தொங்கும். பழத்தின் வெளித்தோலும் தண்டின் பகுதிதான், அதிலும் கண்கள் உண்டு. அதனால்தான் பழம் மண்ணில் விழுந்து கிடந்தாலே வேர் விட்டு முளைக்கக்கூடியது.

மூன்றாவது எலாட்டியர். முள் பழுப்பு நிறம். பூவில் ஆரஞ்சு மேல் சிவப்புக் கோடுகள் ஓடும், மகரந்தக் காம்புகளும் சிவப்புச் சாயல், நடுவே சூல்முடி கரும்பச்சை. குஜராத்தில் இதன் பழத்தைச் சாறு பிழிந்து சர்பத்தாகக் குடிக்கிறார்கள். நான்காவது ஃபைகஸ் இண்டிகா. பெரிய மட்டை, பெரும்பாலும் முள்ளே இருக்காது. மெக்சிகோவில் காய்கறியாகச் சமைப்பதும், சிசிலியில் பழத்துக்காகப் பயிரிடுவதும் இதைத்தான். முள்ளில்லா வகைகளை வறண்ட நிலத்தில் மாட்டுத் தீவனமாக வளர்க்க நம் நாட்டிலும் ஆராய்ச்சி நிலையங்கள் முயன்று வருகின்றன. நர்சரிக்காரர்கள் விற்கும் முயல்காதுக் கள்ளியில் முள் கிடையாது, சுணை மட்டும்தான். முள் இல்லையே என்று குழந்தைகள் தடவிப் பார்ப்பார்கள். குழந்தைகள் உள்ள வீட்டில் அதை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இந்தச் செடிகளில் சில நம் நாட்டில் பரவியதற்குப் பின்னால் ஒரு சாயம் இருக்கிறது. மெக்சிகோவில் சப்பாத்திக்கள்ளி மட்டையில் வளரும் ஒரு பூச்சியை உலர்த்தி அரைத்தால் ரத்தச் சிவப்பான கொச்சினீல் சாயம் கிடைக்கும். ஒரு கிலோ சரக்குக்கு லட்சம் பூச்சி அளவில் தேவைப்படும். அந்த வியாபாரம் முழுவதும் ஸ்பெயினின் பிடியில் இருந்தது. அதை உடைக்க வேண்டும் என்று 1780-களில் சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் முயன்றார். லண்டனிலிருந்த ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். 1788-ல் அவை புத்தகமாகவே வந்தன. சைதாப்பேட்டையில் இதற்கென்றே ஒரு கள்ளித் தோட்டம் போட்டார்கள். சாயப்பட்டறைகளுக்கு நடுவே வாழ்கிற எங்களுக்கு இந்தக் கதை அந்நியமாகத் தோன்றுவதே இல்லை. ஒரு நிறத்துக்காக மனிதர்கள் நிலத்தையும் ஆற்றையும் எந்த அளவுக்கு மாற்றிவிடுவார்கள் என்பதற்கு நொய்யல் போதும்.

1795-ல் நீல்சன் என்ற கேப்டன் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவிலிருந்து பூச்சிகளைக் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார். நல்ல சாயப்பூச்சி என்று நம்பித்தான் வளர்த்தார்கள். வந்தது வேறு இனம். அதன் சாயம் மட்டம். சாயத் தொழில் எழவில்லை. ஆனால் பூச்சி தன் வேலையைப் பார்த்தது. மோனகாந்தா வகையை வட இந்தியாவில் தின்று அழித்தது. அதைப் பார்த்த பிறகு 1836-38 வாக்கில் தென்னிந்தியாவுக்கும், 1865-க்குள் இங்கிருந்து இலங்கைக்கும் கள்ளியை ஒழிக்கவென்றே அந்தப் பூச்சியைக் கொண்டுபோனார்கள். களையை ஒழிக்க ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வேண்டுமென்றே பூச்சியைக் கொண்டுசென்றது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை என்று பூச்சியியல் நூல்கள் குறிக்கின்றன.

அதே பூச்சி நாகதாளியைத் தொடவில்லை. மனிதர்கள் இரண்டையும் ஒரே கள்ளி என்றார்கள். பூச்சி அப்படி நினைக்கவில்லை. நாகதாளி மதராஸ் மாகாணத்து மேய்ச்சல் காடுகளில் புகுந்து நிறைந்தது. 1926-ல் இலங்கையிலிருந்து டாக்டைலோபியஸ் ஒபன்ஷியே என்ற வேறொரு கொச்சினீல் இனம் வந்த பிறகுதான் அது அடங்கியது. ஐந்தாறு ஆண்டுகளில் தென்னிந்தியாவில் சுமார் 40,000 ஹெக்டேர் நிலம் மீண்டது. எங்கள் அப்பாரு அந்தக் காலத்துப் பையன். "ஆடு பூர முடியாத காடுங்க சாமி அதெல்லாம். கவர்மெண்டுல வெள்ளப் பூச்சிய உட்டாங்க, அப்பறந்தேன் காடு காடாச்சு" என்பார். ஆஸ்திரேலியாவில் இரண்டு கோடி ஹெக்டேருக்கும் மேல் கள்ளி பிடித்திருந்த நிலத்தை, 1926 முதல் விட்ட அர்ஜென்டினா அந்துப்பூச்சியின் புழுக்கள் மீட்டுக் கொடுத்தன. குவீன்ஸ்லாந்தில் அந்தப் பூச்சியின் பெயரில் ஒரு நினைவு மண்டபமே கட்டியிருக்கிறார்கள்.

அந்த வெள்ளைப் பூச்சி இன்றும் இருக்கிறது. மட்டையில் பஞ்சு ஒட்டியதுபோல் தெரிந்தால் ஒரு குச்சியால் நசுக்கிப் பாருங்கள். சிவப்பு வழிந்தால் கொச்சினீல். இல்லையென்றால் சாதாரண மாவுப்பூச்சி. தொட்டிச் செடியில் வந்தால் மருந்து தேவையில்லை. குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்தாலே கழன்றுவிடும். காட்டுச் செடியில் இருந்தால் அதை அப்படியே விட்டுவிடுங்கள், அது நமக்காக உழைக்கிறது.

வளர்க்கும் முறை இதுதான். முற்றிய மட்டை ஒன்றை இணைப்பில் வெட்டி எடுங்கள். உடனே நடக்கூடாது. வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும்வரை நிழலில் ஒரு வாரம், பத்து நாள் கிடக்கட்டும். செம்மண்ணில் பாதிக்கு ஆற்று மணலோ சிறு ஜல்லியோ கலந்து, அடியில் ஓட்டையுள்ள தொட்டியில், மட்டையில் மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகுமாறு நிறுத்துங்கள். காலி பெயிண்ட் வாளியும் நன்றாகவே ஆகும். மண் முழுக்கக் காய்ந்த பிறகுதான் அடுத்த தண்ணீர். கொங்கு வெயிலில் இது சாகாது; ஐப்பசி மழையில் தொட்டியில் நீர் தேங்கினால் அழுகிவிடும். கையாள, நாளிதழைப் பட்டையாக மடித்து மட்டையைச் சுற்றிப் பிடிப்பேன். சுணை ஏறிவிட்டால் தேய்க்கக் கூடாது. தெரிவதை இடுக்கியால் எடுத்துவிட்டு, மிச்சத்துக்கு மேல் பெவிகாலைத் தடவி மெல்லிய துணியை ஒட்டி, காய்ந்ததும் உரித்தால் வந்துவிடும்.

பகலில் இந்தச் செடி தன் துளைகளை மூடிக்கொள்ளும். இரவில்தான் திறந்து காற்றை இழுத்து, அதை அமிலமாகச் சேர்த்து வைக்கும். அதனால் விடியற்காலையில் மட்டையில் புளிப்பு ஏறியிருக்கும், பொழுது சாயும்போது குறைந்துவிடும். நீரை வீணாக்காமல் பிழைக்க இந்தச் செடி கண்ட வழி அது. அதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து இந்தச் செடி மீது எனக்கு இருக்கும் மரியாதை இன்னும் கூடியது.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள், "ஏனுங்க மாமா, ஆளாளுக்கு ரோசாச் செடி வெக்கறாங்க, நீங்க முள்ளக் கொண்டாந்து வெச்சிருக்கறீங்களே, ஊட்டுக்கு ஆகுமுங்களா?" என்று கேட்டாள். "பூ உடறப்ப வந்து பாரு கண்ணு" என்றேன். சித்திரை வெயிலில் நாகதாளி பூத்த காலையில் கூப்பிட்டேன். விரலால் மகரந்தக் காம்புகளை மெல்லத் தொடச் சொன்னேன். தொட்டதும் அத்தனையும் ஒன்றாக உள்பக்கம் சாய்ந்தன. வந்து அமரும் தேனீயின் உடம்பில் மகரந்தம் அப்பிக்கொள்ள இந்தச் செடி செய்யும் ஏற்பாடு அது. இப்போது அவள் வீட்டு மாடியிலும் ஒரு தொட்டி இருக்கிறது.

பழத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிறுவயதில் பாறையில் உருட்டித் தேய்த்துச் சுணையைப் போக்கி, பிளந்து, நடுவிலுள்ள முள்ளை எடுத்துப் போட்டுவிட்டுத்தான் தின்னச் சொல்வார்கள். அந்தப் பழக்கம் இன்றும் சரி. நாக்கைச் சிவக்க வைப்பது பீட்ரூட்டில் உள்ள அதே இன நிறமி. சர்க்கரை நோய் முதல் புற்றுநோய் வரை தீரும் என்று சொல்லி விற்கிறவர்களை நம்பி, சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நல்ல பழம் என்பதே அதற்குப் போதுமான பெருமை.

வளர்க்க நினைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். தொட்டியில் வளருங்கள், நிலத்தில் நடாதீர்கள். கழித்த மட்டையையும் பழுத்து விழுந்த பழத்தையும் சாமளாபுரம் குளத்து மேட்டிலோ நொய்யல் கரையிலோ கொண்டுபோய்க் கொட்டாதீர்கள். ஒரு துண்டு மண்ணில் பட்டாலே வேர்விடும், பழத்தைத் தின்னும் பறவை விதையைக் காட்டுக்குள் கொண்டுபோகும். மண் படாத சிமெண்ட் தளத்தில் சருகாகும்வரை காயவிட்டு, பிறகு எரித்துவிடுங்கள்.