பட்டியலில் பெயர் இருக்கிறதா?

வாக்குப்பதிவு நாளில் பள்ளிக்கூட வாசலில் ஒவ்வொரு முறையும் பார்க்கிற காட்சி. கையில் வாக்காளர் அட்டையோடு ஒருவர் நிற்பார். மேசையில் இருப்பவர் பட்டியலைப் புரட்டிவிட்டு, "உங்க பேரு இல்லையே சார்" என்பார். "போன தடவை இங்கதானே போட்டேன்?" வெயிலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவர் வீடு திரும்புவார். ஓட்டுப் போட மனமில்லாதவர் அல்ல அவர். அதனால்தான் வலிக்கிறது.

அட்டை வேறு, பட்டியல் வேறு. பட்டியலில் பெயர் இருந்தால், அட்டை தொலைந்திருந்தாலும் ஆதாரையோ ஓட்டுநர் உரிமத்தையோ காட்டி வாக்களிக்கலாம். பெயர் இல்லையென்றால் அட்டையை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

1951-52இல் நடந்த முதல் பொதுத்தேர்தலுக்குப் பெயர் எழுதப் போனபோது, வடக்கே பீகார், ராஜஸ்தான் போன்ற பகுதிகளில் ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. அயலாரிடம் பெயர் சொல்லும் வழக்கம் இல்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள், அவ்வளவுதான். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. சொந்தப் பெயர் தராத ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். கடுமையான முடிவுதான். ஆனாலும் சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஓட்டு அந்தப் பெண்ணுடையது, அவள் புருஷனுடையதல்ல என்று அரசாங்கமே அழுத்திச் சொன்ன தருணம் அது.

இன்று பெயரைச் சொல்லத் தயங்குகிறவர் இல்லை. ஆனால் வாடகை வீடு மாறுகிறோம்; கேஸ் இணைப்பை மாற்றுகிறோம், வங்கியில் முகவரியை மாற்றுகிறோம், ஓட்டை மட்டும் பழைய தெருவிலேயே விட்டுவிடுகிறோம். ஒரு ஓட்டில் என்ன ஆகிவிடும் என்று நினைக்க வேண்டாம். 2016இல் ராதாபுரம் தொகுதியின் முடிவு 49 வாக்கு வித்தியாசத்தில் அமைந்தது. 2021இல் சென்னை தியாகராய நகரில் 137. நம் தெருவில் வீடு மாறிப் போனவர்களை எண்ணினாலே 49 பேர் தேறிவிடுவார்கள்.

புதிதாகச் சேர படிவம் 6, முகவரி மாற்ற படிவம் 8. 17 வயது முடிந்த பிள்ளைகள் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். சந்தேகமிருந்தால் 1950 என்ற எண்ணில் கேட்கலாம். வேட்புமனு தாக்கலின் கடைசி நாள் முடிந்துவிட்டால் அந்தத் தேர்தலுக்கு யார் பெயரையும் சேர்க்க முடியாது.

கல்யாணமாகி வேறு ஊர் போன மகளின் பெயர் இன்னும் பிறந்த வீட்டு முகவரியிலேயே இருக்கிறதா? இன்றைக்கே அவளுக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.