கிழங்கும் பயறும் சேர்ந்த சப்பாத்திச் சுருள்



மரவள்ளிக் கிழங்கு என்றதும் ஜப்பானியர் ஆட்சிக் காலத்தின் பேச்சு நம் வீடுகளில் எழுவதுண்டு. 1941 இறுதி முதல் 1945 வரை வெளிநாட்டு அரிசி வரத்துக் குறைந்து, தோட்டத்து மக்கள் கிழங்கையே பெரிதும் நம்பி வாழ்ந்தார்கள். வயிறு நிரம்பியது, உடம்போ தேறவில்லை. காரணம் என்ன? 100 கிராம் மரவள்ளியில் புரதம் ஏறத்தாழ 1 கிராம்தான். அதே எடை வெந்த சிவப்புப் பயறில் 8 கிராமுக்கு மேல் உண்டு. கிழங்கு தெம்பு தரும். தசையை வளர்ப்பது பயறு. இரண்டும் சேர வேண்டும்.

இப்படிச் சேர்த்து உண்ணும் வழக்கம் மெக்சிகோ நாட்டில் உண்டு. கோதுமை ரொட்டிக்குள் வெந்த பயறு முதலியவற்றை வைத்துச் சுருட்டி, 'புரிட்டோ' என்பார்கள். ஸ்பானிய மொழியில் அதற்குச் 'சிறு கழுதை' என்று பொருள். இதை அந்நிய உணவென்று ஒதுக்க வேண்டாம். 1877இல் நம் பேராவின் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர் மரம் எந்தக் கண்டத்துக்கு உரியதோ, அதே அமெரிக்கக் கண்டம்தான் மரவள்ளி, சர்க்கரைவள்ளி, சிவப்புப் பயறு, மிளகாய் யாவற்றுக்கும் தாயகம். சிலிபினிலும் ஈப்போவைச் சுற்றிய பழைய தோட்டப் பகுதிகளிலும் இவையெல்லாம் எளிதில் கிடைப்பவை. ரொட்டிக்கு நம் சப்பாத்தியே போதும்.

4 பேருக்குத் தேவையானவை: ஆட்டா மாவு 2 கோப்பை, பெரிய சிவப்புப் பயறு 1 கோப்பை, மரவள்ளி 300 கிராம், சர்க்கரைவள்ளி 300 கிராம், பெரிய வெங்காயம் 2, பூண்டு 3 பல், தக்காளி 1, சீரகம், மிளகாய்த் தூள், உப்பு, எண்ணெய், எலுமிச்சம்பழம் 1. கடையில் 'காச்சாங் மேரா' என்று கேட்டு, சிறுநீரக வடிவில் உள்ள பெரிய பயறாக வாங்குங்கள்.

முதலில் பயறைக் கவனிப்போம். அரைவேக்காட்டுப் பயறு சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும். ஆகவே இரவு முழுதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். புது நீரில் 30 நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட்டு, பிறகு விரலால் நசுங்கும் வரை வேகவிடுங்கள். மிதமான சூட்டிலேயே வைத்திருந்தால் நஞ்சு முறியாது.

மரவள்ளியிலும் நஞ்சு உண்டு. தோலை முழுதும் சீவி, சிறு துண்டுகளாக்கி, நிறைய நீரில் மூடாமல் நன்கு வேகவைத்து, நீரைக் கொட்டுங்கள். கசக்கும் கிழங்கை உண்ணவே கூடாது. சர்க்கரைவள்ளியைத் தனியே வேகவையுங்கள்.

எண்ணெயில் சீரகம், வெங்காயம், பூண்டு, தக்காளியை வதக்கி, மிளகாய்த் தூளும் உப்பும் இட்டு, பயறையும் கிழங்குகளையும் சேர்த்துப் பாதி மசியுங்கள். நீர் வற்றிக் கெட்டியானதும் இறக்கி, எலுமிச்சைச் சாறு பிழியுங்கள். பயறிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேர அந்தச் சாறு உதவும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடித்தால் அந்தச் சத்துக் குறையும். 1 மணி நேரம் கழித்துக் குடிக்கலாம்.

மாவை வெதுவெதுப்பான நீரில் பிசைந்து, அரை மணி நேரம் ஊறவிட்டு, 8 பெரிய சப்பாத்திகளாக மெல்லியதாகச் சுட்டுத் துணியில் மூடுங்கள். மொறுமொறுப்பாகிவிட்டால் மடிக்கும்போது உடையும். நடுவில் பயற்றுக் கலவையை வைத்து, அடிப்பக்கத்தை மேலே மடித்து, இரு ஓரங்களையும் உள்ளே தள்ளிச் சுருட்டுங்கள்.

கோதுமையில் குறைவான புரதக் கூறு பயறில் நிறைவாக இருப்பதால், வெள்ளிக்கிழமை விரதத்துக்கும் புரட்டாசி மாதத்துக்கும் இது நிறைவான உணவு. பிள்ளைகளுக்குப் பள்ளிக்குக் கட்டிக் கொடுத்தால் காலை ஓய்வு வேளையிலேயே உண்டுவிடச் சொல்லுங்கள். நம் வெயிலில் வெந்த பயறு விரைவில் கெட்டுவிடும்.

அன்று நம் முன்னோர் கிழங்கை மட்டும் உண்டது வேறு வழியின்றி. இன்று நமக்கு வழி இருக்கிறது. கிழங்கு வேகும் அடுப்பில் ஒரு கோப்பைப் பயறும் வேகட்டும்.